ப்ரூனோவுக்கு ரத்தப் பரிசோதனை

கோத்தகிரி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் ப்ரூனோவின் போட்டோவும் கிடைத்தன. மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டதே அவனுக்கு!

ஒன்பது வயது லேப்ரடார், நன்றாகத்தான் சாப்பிடுகிறான், இருந்தாலும் புற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்துவிடலாமா என்கிறாய். பார்க்கலாம். "இல்லை" என்று வந்தால் நீ நிம்மதியாகத் தூங்கிவிடுவாயே, அதுதான் என் பயம்.

சாகும் செல்கள் தம் டி.என்.ஏ.வை ரத்தத்தில் கொட்டுகின்றன. புற்றுக்கட்டி இருந்தால் அது கூடலாம். அந்த டி.என்.ஏ.வைப் படித்துப் பார்க்கும் ஒரு சோதனையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களில் செய்து 2022இல் முடிவு வெளியிட்டார்கள். புற்று இருந்த நாய்களில் சுமார் 55 சதவீதம்தான் சிக்கின. லிம்போமா (நிணநீர்ப் புற்று), ஹெமாஞ்சியோசர்கோமா (ரத்தக்குழாய்ப் புற்று), எலும்புப் புற்று மூன்றில் மட்டும் 85. புற்று இல்லாத நாயைத் தப்பாகப் பிடிப்பது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வகை, புரதத்தின் மேல் டி.என்.ஏ. சுற்றியிருக்கும் சிறு உருண்டையான நியூக்ளியோசோம் ரத்தத்தில் எவ்வளவு என்று அளப்பது. இதில் மலைக்காரனுக்கு ஒரு தலைவலி. ரத்தம் எடுத்த கையோடு சுழற்றி பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் ட்யூபுக்குள்ளேயே வெள்ளணுக்கள் செத்து, சோதனையில் வரும் எண் ஏறிவிடும். எனக்கு சென்ட்ரிஃப்யூஜ் இருக்கிறது, கரண்ட்தான் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். உடம்பில் வேறு அழற்சி இருந்தாலும் எண் ஏறும். லிம்போமாவுக்கு மருந்து கொடுத்து இறங்கிய எண் மறுபடி ஏறுகிறதா என்று பார்க்க இது நல்ல கருவி. ப்ரூனோவுக்கு அந்த நிலை இல்லை.

அந்தக் காசில் முதலில் வயிற்று ஸ்கேன் எடு. மண்ணீரலில் வரும் ஹெமாஞ்சியோசர்கோமா சத்தமில்லாமல் வளரும். காலையில் வாலாட்டிய நாய் சாயங்காலம் உள்ளே ரத்தம் கசிந்து, ஈறு வெளுத்துப் படுத்துவிடும். அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அப்புறம், குளிப்பாட்டும்போதெல்லாம் நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்: தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்னால். இரண்டு பக்கமும் கொட்டைப்பாக்கு மாதிரி பெருத்திருந்தால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதே. ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்து ஸ்லைடில் பார்க்கச் சொல். அதற்குச் செலவும் குறைவு, பதிலும் சீக்கிரம்.

ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டோடு படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

இங்கே பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேச்செடுக்காத ஆளில்லை. காட்டுமாடு கிளினிக் வாசல் வரை வருகிறது. டிசம்பரில் குடும்பத்தோடு வா, ஸ்வெட்டரை மறக்காதே.

அன்புடன்,
ராஜு