நீலமும் வெள்ளையும்

பட்டர்வொர்த், மலேசியா
3.1.2026

அன்புள்ள சரோஜா,

உன் முட்டிவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பள்ளி ஆண்டு மார்ச், பிப்ரவரி என்று அலைந்துவிட்டு மறுபடி ஜனவரிக்கே வந்துவிட்டது பார். 12ஆம் தேதி எங்கள் யாழினி பள்ளியில் ஒன்றாம் ஆண்டு தொடங்குகிறாள். அதே வாரம் பொங்கல் வேறு. வீடு இப்போதே ரெண்டுபட்டுக் கிடக்கிறது.

உன் பேரனுக்குப் பள்ளிக்குத் தின்ன என்ன கொடுத்துவிடலாம் என்று கேட்டிருந்தாய். கைப்பேசியில் காட்டுகிறார்களே, கரடி முகம் வைத்த ரொட்டி, அதெல்லாம் நம் வெயிலுக்கு வேண்டாம். ரெஹாட் (இடைவேளை) மணி அடிப்பதற்குள் கரடி அழுதுவிடும். அகார்-அகார் செய். ஜெல்லி மாதிரி உருகாது; கடற்பாசியில் எடுப்பது, சைவப் பிள்ளைகளும் சாப்பிடலாம்.

நான் செய்வது சீருடை அகார்-அகார். கீழே நீலம், மேலே வெள்ளை. நீலத்துக்குச் சாயம் வாங்காதே, வேலியோரச் சங்குப்பூ போதும். கொதிநீரில் ஊறவைத்து வடிகட்டு. ஒரு லிட்டருக்கு 10 கிராம் அகார்-அகார் தூள், சீனி உன் விருப்பம். வெள்ளைக்குத் தேங்காய்ப்பால், ஒரு சிட்டிகை உப்பு. நீலம் மேலே ஏடுகட்டியதும், தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதத்திலேயே வெள்ளையைச் சூடாக ஊற்றிவிடு. முழுக்க இறுகிவிட்டால் வெட்டும்போது சட்டை தனி, கால்சட்டை தனியாகக் கழன்றுவரும்!

சங்குப்பூத் தண்ணீர் கொஞ்சம் எடுத்துவைத்து, பேரன் கையாலேயே லிமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை) பிழியச் சொல். நீலம் ஊதாவாக மாறும். புளிப்புப் பட்டால் அந்தப் பூவின் நிறம் அப்படித்தான். யாழினி நான்கு பழத்தைத் தீர்த்துவிட்டாள், அகார்-அகாரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வயதில் தின்பதைவிடச் செய்வதில்தான் ஆசை. அதனால் எதைச் செய்தாலும் அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொள், அடுப்பு வேலையை மட்டும் நீ பார். நிலக்கடலை சேர்க்காதே, பக்கத்துப் பிள்ளைக்கு ஒவ்வாமை இருந்தால் வம்பு.

அடுத்து எழுத்து முறுக்கு பிழியலாம் என்றிருக்கிறேன். நாலு பங்கு அரிசிமாவு, ஒரு பங்கு உளுந்துமாவு, வெண்ணெய். வாழையிலைத் துண்டில் 'அ', 'ஆ' பிழிந்து எண்ணெயில் நழுவவிட வேண்டும். என் அச்சில் நட்சத்திரத் துளைதான் இருக்கிறது, எழுத்தெல்லாம் முள்ளுமுள்ளாக வருகிறது. பிப்ரவரி 1 தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருவாய்தானே? உன் மாமியாரின் பித்தளை அச்சையும் அந்த ஒற்றைத் துளை வில்லையையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மல்லிகா