எரித்து வீணாக்கும் சுள்ளியை எங்களுக்கு விடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கமுதிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பும் இருக்கிறது. அவசரத்துக்குக் காபி, தோசை எல்லாம் அதில்தான். ஆனால் 14.2 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு நெல் அவிக்க முடியுமா, மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச முடியுமா? அதற்கெல்லாம் விறகடுப்புதான். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் இரண்டு மாதத்துக்கு விறகு சேர்த்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் கண்மாய்க்குள் கால் வைக்க முடியாது.

எங்களுக்கு விறகென்றால் சீமைக் கருவேலம். கவைக்கம்பால் கிளையை அமுக்கிப் பிடித்து அரிவாளால் வெட்ட வேண்டும். முள் செருப்பையும் துளைத்து ஏறும், இரண்டு நாள் கடுக்கும். வெட்டியதைப் பங்குனி வெயிலில் அங்கேயே காயப் போட்டு, ஆடிக்குப் பிறகு கட்டுக் கட்டாகச் சுமந்து வருவோம். இரண்டு குச்சியை ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்த்தால் போதும். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்தது. ‘தொப்’ என்றால் ஈரம் இருக்கிறது, ஊதி ஊதியே கண் போய்விடும். கீழே கல் பரப்பி, அதன்மேல் பனங்கட்டையைப் போட்டு அடுக்கினால்தான் கறையான் ஏறாது. மேலே மட்டும் ஓலை. பக்கங்களையும் தார்ப்பாயால் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம், மழை நாளில் விறகு உருவும்போது முதலில் ஒரு கம்பால் தட்டுங்கள். தேளும் கட்டுவிரியனும் அண்டுகிற இடம் அது.

இந்த வருடம் எங்கள் கண்மாய் மரத்தை ஏலம் எடுத்தவரின் ஆட்கள், கீழே கிடந்த சுள்ளியைக்கூட எடுக்க விடவில்லை. “ஏலப் பொருளு ஆத்தா, தொடாதீங்க” என்று சொல்லிப் பக்கத்து வீட்டு மதினியின் அரிவாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று நாள் நடந்து கேட்டுத்தான் வாங்கினோம். சரி, பணம் கட்டி எடுத்தவர்கள், அவர்கள் பொருள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பருத்த மரத்தைக் கரிமூட்டத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டு, மணிக்கட்டு கனம்கூட இல்லாத அத்தனை சுள்ளியையும் கண்மாய்க்குள்ளேயே குவித்துத் தீ வைத்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவுக்கே ஒரு மழைக்காலம் முழுக்கச் சோறு பொங்கியிருக்கும். அது ஒரே ராத்திரியில் சாம்பலாகிவிட்டது.

மரத்தை எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது சந்தோஷப்பட்டவர்கள்தான் நாங்கள். ஆனால் மேலே வெட்டிவிட்டுத் தூரை மண்ணிலேயே விட்டுப்போனால் ஒரே மழையில் தழைத்துவிடுகிறது. அந்தத் தூரைத் தோண்டிப் பிளந்தால் அதைவிட நல்ல விறகு கிடையாது. ஒரு துண்டு வைத்தால் உலை கொதித்து, சோறு வடித்து, குழம்பும் கூடிவிடும்.

அதனால் கண்மாய் மரத்தை ஏலம் விடும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும் என்றும், சுள்ளியை எரிக்காமல் ஒரு மாதம் ஊர்க்காரர்கள் தலைச்சுமையாக எடுத்துப்போக விட வேண்டும் என்றும் ஏல நிபந்தனையில் சேர்த்து எழுதுங்கள். அந்த மாதம் புரட்டாசிக்குள் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கமுதி வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.