சிறுவர் அறிவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோருக்கும், முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பின் நம் வட்டம் ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வான்நோக்கும் இரவும் விநாடி வினாவும் வழக்கம்போல் நடந்தன. ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு லியோனார்டோ டா வின்சிக்கே போயிற்று. அவரை மோனாலிசா வரைந்தவர் என்ற அளவில்தான் நம் குழந்தைகள் அறிந்திருந்தார்கள். 1452இல் இத்தாலியின் வின்சி ஊர் அருகே பிறந்து, கண்டதையெல்லாம் குறித்து வைத்துச் சோதித்துப் பார்த்த அந்த மனிதரைக் காட்ட விரும்பினோம். சொற்பொழிவு வேண்டாம், கையில் பொருளைக் கொடுத்துவிடுவோம் என்று முடிவாயிற்று.

முதலில் பாலம். ஆணி, கயிறு, பசை எதுவுமின்றி, ஒன்றுக்குள் ஒன்று கோத்த மரங்களே தாங்கி நிற்கும் பாலம் ஒன்றை அவர் வரைந்திருக்கிறார். அந்தத் தாள் மிலான் நகரின் அம்புரோசியானா நூலகத்தில், அவருடைய குறிப்புகளும் வரைபடங்களும் அடங்கிய, 1,100க்கும் மேற்பட்ட தாள்கள் கொண்ட அட்லாண்டிகஸ் தொகுப்பில் இருக்கிறது. பாரம் ஏற ஏறக் குச்சிகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் அழகுக்காக நாங்கள் ஐஸ் குச்சிகளுக்கு வண்ணம் பூசிவிட்டோம். ஒரு புத்தகம் வைத்தாலே வழுக்கிச் சரிந்தது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, யாரும் சொல்லாமலே, நுனிகளை உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கினாள். அவள் பாலம் மூன்று பாடநூல்களைத் தாங்கியது. அந்த முகத்தைப் பார்க்கவே ஆண்டு முழுதும் உழைக்கலாம்.

அடுத்த ஞாயிறு பறக்கும் கருவிகள் என்று திட்டமிட்டிருந்தோம். அதைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் பாலத்தைத் தாங்கிய உராய்வை எடுத்துக்கொண்டோம். செங்கல்லைப் படுக்கவைத்து இழுத்தார்கள், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தார்கள். சுருள்வில் தராசின் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. நம்பாமல் மறுபடி மறுபடி இழுத்தார்கள். மேலே இன்னொரு செங்கல் ஏறியதும் அளவு இரட்டித்தது. உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல: 1490களில் டா வின்சி கண்டதும் இதுதான். அவர் குறிப்பேடுகள் அச்சேறாததால் உலகம் அறியவில்லை. 1699இல் பிரான்சின் அறிவியலாளர் அமோன்டோன் மீண்டும் கண்டறிந்தார், விதி அவர் பெயரில் நின்றுவிட்டது. இதைச் சொன்னபோது குழந்தைகளுக்கு உண்மையாகவே வருத்தம்.

வழவழப்பான பரப்பில் உராய்வு எடையில் கால் பங்கு என்பது டா வின்சியின் கணக்கு. நம் சிமென்ட் தரையில் பாதிக்கு மேல் வந்தது. "அப்படியானால் அவர் எழுதியது தவறா?" என்றான் ஒரு சிறுவன். விடை சொல்லாமல் மேசை, கண்ணாடி, சாக்கு என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். இருட்டும் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

கண்ணாடியில் பார்த்தால் மட்டுமே படிக்கவரும் அவருடைய வலமிருந்து இட எழுத்தையும் பழகிப் பார்த்தார்கள். இடக்கைப் பழக்கமுள்ள இரு பிள்ளைகள் எல்லோரையும் முந்தினார்கள். அவர்களைக் கை மாற்றச் சொல்லிக் கண்டிக்க வேண்டாம் என்று பெற்றோரை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தராசு இரவல் வாங்கியது. வட்டத்துக்கென இரண்டு வாங்கவும், தள்ளிப்போன பறக்கும் கருவிகளை வரும் கோடை விடுமுறையில் நடத்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஞாயிறுதோறும் கூடத்தைத் திறந்துவிட்ட நூலகருக்கு நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்