தங்கம் நீலமான ராத்திரி

அன்புள்ள குமரேசா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது, மன்னித்துக்கொள். இந்த மாதம் முழுக்கத் தங்க நானோ தண்டுகளோடு, அதாவது கண்ணுக்கே தெரியாத குச்சி வடிவத் தங்கத் துகள்களோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

செய்முறை பார்க்கச் சுலபம். 4 நானோமீட்டருக்கும் சிறிய தங்க விதைகளை முதலில் தயாரிக்க வேண்டும். இன்னொரு குடுவையில் தங்க உப்பு, துளி சில்வர் நைட்ரேட், சிடாப் என்ற சோப்பு மாதிரிப் பொருள். அதில் வைட்டமின் சி-யைச் சொட்டினால் மஞ்சள் நிறம் கண்ணெதிரே மறைந்து தண்ணீர் போலாகிவிடும். அப்புறம் விதையை விட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கோ ஒவ்வொரு முறையும் சிவப்பே வந்தது. சிவப்பு என்றால் தண்டு இல்லை, வெறும் உருண்டை. குடுவைகளைத் தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் கழுவினேன், தண்ணீரை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், புதிதாக வாங்கிய சிடாப்பில் துளியூண்டு அயோடைடு கலந்திருக்கிறது! அது தங்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டு தண்டு வளர விடாது. டெக்ஸஸ் ஆய்வாளர்கள் 2009இலேயே இதை எழுதியிருக்கிறார்கள். முதலிலேயே தேடிப் படித்திருக்க வேண்டும்.

பழைய பாட்டிலில் மிச்சமிருந்ததைப் போட்டேன். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு குடுவைக்குள் மெல்லிய நீலம் புகை போலப் படர்ந்தது. ராத்திரி பதினொரு மணி, கூட யாருமில்லை. உன்னைத்தான் நினைத்தேன்.

தங்கத்தின் எலெக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஊசலாடும். குறுக்கே ஆடினால் 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியை விழுங்கும். நீளவாக்கில் ஆடினால் 700 பக்கத்துச் சிவப்பு ஒளியை. தண்டு நீள நீள அந்த இரண்டாவது எண் அகச்சிவப்புப் பக்கம் நகரும். ஜெர்மன் இயற்பியலாளர் ரிச்சர்ட் கான்ஸ் 1912இலேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், தண்டைக் கண்ணால் பார்க்காமலே.

நேற்று, சிதறும் ஒளியை மட்டும் காட்டும் இருள்புல நுண்ணோக்கியில் ஒற்றைத் தண்டைப் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டுத் தகட்டைத் தொண்ணூறு பாகை திருப்பினேன், அணைந்தது. இன்னும் தொண்ணூறு திருப்பினால் மறுபடி எரிகிறது. பிளஸ் டூவில் ஒளியின் தளவிளைவுப் பாடத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லு?

பரீட்சை முடிந்ததும் உன் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு குப்பி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஏசி அறையில் வைத்தால் சிடாப் ஊசி ஊசியாக உறைந்துவிடும், அதனால் அது என் மேஜை மேல்தான் இருக்கிறது.

உன்
மாணிக்கம்