ஆயர்களுக்கு யூத சமயத்தைக் கற்பிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய வெள்ளிக்கிழமையன்று நடைபெறும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளை ஏழு பேர் எடுத்துப் பேசுவது எங்கள் சபைகளின் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் நான் அமர்ந்திருந்த ஓர் ஆராதனையில், "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற முதல் வார்த்தையின்மேல் பேசிய போதகர், கர்த்தரைக் கொன்ற குற்றத்துக்காக யூத இனம் முழுவதும் இன்றளவும் சாபத்தைச் சுமக்கிறது என்று சொல்லித் தம் செய்தியை முடித்தார். மன்னிப்பைக் கேட்கும் ஒரு ஜெபத்திலிருந்து மன்னிப்பே இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்து சேர்ந்ததை, நிறைந்திருந்த அந்த ஆலயத்தில் ஒருவரும் முரணாக எண்ணவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் நெடுங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த நானும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய அதையேதான் போதித்திருக்கிறேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தப் போதகர் யாரையும் வெறுப்பவர் அல்லர். யூத சமயத்தைப் பற்றி அவர் படித்ததெல்லாம் புதிய ஏற்பாட்டின் பின்னணி என்ற அளவில்தான்; முதல் நூற்றாண்டோடு அந்தச் சமயத்தின் கதை முடிந்துவிட்டது என்பதுபோல அவருக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. நம்முடைய சொற்களும் இந்த மயக்கத்துக்குத் துணைபோகின்றன. நம் வேதாகமத்தில் 'தேவாலயம்' என்றால் எருசலேமில் இருந்த யூதரின் ஆலயம். நம் ஊரில் தேவாலயம் என்றால் மணிக்கூண்டும் சிலுவையும் உள்ள கட்டடம். ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாள் என்று அழைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, யூதரின் ஓய்வுநாள் வெள்ளி மாலை சூரியன் மறையுமுன் விளக்கேற்றித் தொடங்கப்பட்டுச் சனிக்கிழமை இரவில் முடிகிறது என்பதும், அது இந்த வாரமும் உலகெங்கும் ஆசரிக்கப்படுகிறது என்பதும் தெரிவதில்லை. மரியாளும் யூதப் பெண்தானா என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டபோது வகுப்பே திகைத்துப் போனது.

இயேசுவின் காலத்து யூதச் சமயப் பிரிவொன்றைச் சேர்ந்தவரைக் குறிக்கும் 'பரிசேயன்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான் மிகப் பெரிய அநீதி. மாய்மாலக்காரனைக் குறிக்க அதைவிட எளிதான சொல் நம் பிரசங்கங்களில் இல்லை. ஆனால் ஏரோது உம்மைக் கொல்ல நினைக்கிறான், இங்கிருந்து போய்விடும் என்று இயேசுவை எச்சரித்தவர்கள் பரிசேயர் என்று லூக்கா 13-ம் அதிகாரம் சொல்கிறது. அப்போஸ்தலர்களைக் கொல்லத் துணிந்த ஆலோசனைச் சங்கத்தில் எழுந்து நின்று அவர்களை விட்டுவிடச் சொன்ன கமாலியேல் ஒரு பரிசேயர். கி.பி. 70-ல் ரோமர் ஆலயத்தை இடித்த பின், பலியும் ஆசாரியரும் இல்லாமல் ஜெபத்தாலும் வேத வாசிப்பாலும் ஒரு சமயம் உயிர்வாழ முடியும் என்று காட்டிய ரபிகள் என்னும் யூத வேத ஆசிரியர்கள், பரிசேயரின் மரபில் வந்தவர்களே. 'கண்ணுக்குக் கண்' என்பதை யூதரின் கொடூரத்துக்குச் சான்றாக மேடையில் எடுத்துக்காட்டுகிறோம். அதற்குப் பொருள் இழப்பீடாகப் பணம் கொடுப்பதுதான் என்று யூதரின் வேத விளக்கத் தொகுப்பான தல்மூதில் ரபிகள் விரிவாக வாதிட்டு நிறுவியிருப்பதை எத்தனை பேர் அறிவோம்? பிறனிலும் அன்புகூர வேண்டும் என்ற கட்டளை லேவியராகமத்தில் உள்ளது என்பதைக்கூட நாம் பல வேளைகளில் சொல்லாமல் கடந்துபோகிறோம்.

இத்தகைய போதனை எதில் போய் முடியும் என்பதைத் தம் வாழ்க்கையில் கண்டவர் ஜூல் ஐசக். பிரான்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் படித்த வரலாற்றுப் பாடநூல்களை எழுதிய அவர், யூதர் என்பதற்காக 1940-ல் பதவி நீக்கப்பட்டார். 1943-ல் அவருடைய மனைவியும் மகளும் கைதாகி ஆஷ்விட்ஸ் நாசி வதைமுகாமில் கொல்லப்பட்டனர். தலைமறைவாக இருந்துகொண்டே அவர் நற்செய்தி நூல்களைக் கிரேக்க மூலத்தில் வரி வரியாக வாசித்து, கிறிஸ்தவ மேடைகளில் யூதரைப் பற்றிச் சொல்லப்படுவதற்கும் அந்நூல்கள் உண்மையில் சொல்வதற்கும் உள்ள தூரத்தை அளந்தார். 1947-ல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பெர்கில் யூதரும் கிறிஸ்தவரும் கூடி, சபைகள் எதைப் போதிக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று வகுத்த பத்துக் குறிப்புகளுக்கு அவருடைய உழைப்பே அடிப்படை. இயேசுவின் பகைவரை மட்டும் குறிக்க 'யூதர்' என்ற சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.

1960 ஜூன் 13 அன்று, 82 வயதில், ஐசக் ரோமுக்குச் சென்று போப்பாண்டவர் 23-ம் யோவானைச் சந்தித்தார். பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரை இழித்துக் கூறிய ஓர் அடைமொழியை அதற்கு முந்தைய ஆண்டே நீக்கச் செய்தவர் இந்தப் போப். அந்தச் சந்திப்புக்குப் பின் யூதரைப் பற்றிய திருச்சபையின் நிலைப்பாட்டை வகுக்கும்படி கர்தினால் பெயாவிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'நோஸ்த்ரா ஏத்தாத்தே' ஏட்டில் நிறைவேறியது. இயேசுவின் மரணத்துக்கு அன்று வாழ்ந்த யூதர் அனைவரையும் வேறுபாடின்றியோ இன்று வாழும் யூதரையோ பொறுப்பாக்க முடியாது என்று அறிவித்த அந்த ஏடு, 1965 அக்டோபர் 28 அன்று 88-க்கு எதிராக 2,221 வாக்குகளால் ஏற்கப்பட்டது. ஐசக் அதைக் காணாமல் 1963-ல் மறைந்தார்.

இது கத்தோலிக்கரின் காரியம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மார்ட்டின் லூதர் 1543-ல் எழுதிய நூலில், யூதரின் ஜெப ஆலயங்களைக் கொளுத்தவும் அவர்களுடைய ஜெபப் புத்தகங்களைப் பறிக்கவும் ஆலோசனை சொன்னார். அந்த எழுத்தை 1983-ல் ஸ்டாக்ஹோமில் யூதர்களோடு கூடிய லூத்தரன் பிரதிநிதிகள் வெளிப்படையாக மறுத்தார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியதை விழா எடுத்துக் கொண்டாடும் நம்முடைய சபைகளில், இந்த மறுப்பைப் பற்றி ஒரு பிரசங்கத்தையும் நான் கேட்டதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் பெருகிவருகிறது. கொம்பு வாத்தியத்தை ஊதுவதும், யூதரின் ஜெபச் சால்வையைப் போர்த்திக்கொள்வதும், கடைசிக் காலத் தீர்க்கதரிசன அட்டவணையில் அந்த மக்களை வெறும் அடையாளங்களாக வைப்பதும் அவர்களை அறிந்துகொள்வதாகாது. இஸ்ரேல் அரசின் செயல்களை ஒருவர் ஆதரிக்கலாம், அல்லது காசாவின் அழிவைக் கண்டு கொதித்து எதிர்க்கலாம். இரண்டுக்கும் யூத சமயத்தைப் பற்றிய நேர்மையான அறிவு தடையாகாது. ஓர் அரசின் மேலுள்ள கோபம் ஒரு சமயத்தின் மேல் திரும்பிவிடாதிருக்கவும் அந்த அறிவு உதவும்.

இறையியல் கல்லூரிகளை நடத்துகிறவர்களுக்கும் பேராயர்களுக்கும் என் வேண்டுகோள் பெரிதன்று. கி.பி. 70-ல் முடிந்த இரண்டாம் ஆலயக் காலத்தோடு நிறுத்திவிடாமல், மிஷ்னா என்னும் ரபிகளின் சட்டத் தொகுப்பு, தல்மூது, ஜெபப் புத்தகம், இன்றைய யூதரின் பல பிரிவுகள் வரை செல்லும் ஒரு முழுப் பாடத்தை, யூதர்களே எழுதிய நூல்களைக் கொண்டு, குருத்துவப் பயிற்சியில் கட்டாயமாக்குங்கள். ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆயர்களுக்கு லெந்து என்னும் தவக்காலத்துக்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, பாடுகளின் வாசகங்களை எவ்விதம் விளக்குவது என்று கற்றுக்கொடுங்கள். வாய்ப்பிருந்தால் கேரளத்தின் கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1568-ல் கட்டப்பட்ட அந்த ஜெப ஆலயத்தில், நம் ஊர்க் கோயிலில் போலவே செருப்பைக் கழற்றிவிட்டு, நீலப் பூவேலை செய்த சீன ஓடுகளின்மேல் வெறுங்காலோடு நிற்கும்போது, புத்தகத்தில் படித்த ஒரு சமயம் ஜனங்கள் வந்து தொழுத இடமாகக் கண்முன் நிற்கும்.

ஏழாம் வார்த்தையின்மேல் பேசப்போகிறவருக்கு ஒரு குறிப்பையும் சேர்த்துத் தாருங்கள். "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ம் சங்கீதத்தின் வரி. யூதர்கள் இன்றும் இரவில் படுக்கைக்குப் போகுமுன் அதைச் சொல்லி ஜெபிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பள்ளி முன்னாள் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.