வேதாளைக் கரையில் மூச்சு விட்ட பேராமை

அன்புள்ள அண்ணனுக்கும் தாத்தாவுக்கும் கடல்பாசி எடுக்கும் அக்காமாருக்கும்,

நேரில் சொன்னால் "இதுக்கெல்லாமா நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை.

முதலில் வள்ளத்துக்கார அண்ணன். அன்று மன்னார் வளைகுடாவில் முசல் தீவுக்கு வெளியே வலையை இழுக்கும்போது பாரமாக வந்தது, திருக்கை என்று நினைத்தோம், பார்த்தால் பேராமை, பச்சைக் கடலாமை. முன்துடுப்பில் வலை நரம்பு மூன்று சுற்றுச் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியை எடுத்துத் தன் வலையில் ஐந்து பாகத்துக்கு (இரு கையையும் விரித்தால் ஒரு பாகம்) அறுத்துப் போட்டார். கடனுக்கு வாங்கிய வலை அது, இன்னும் பாதிக் காசு அடையவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மீனவர்கள்தான் ஆமையைக் கொல்கிறார்கள் என்று போனில் இருந்தபடியே எழுதுகிறவர்கள் (நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன்) அந்த ஐந்து பாகத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

ஆமை அசையவே இல்லை. கடலிலேயே கிடந்தாலும் அதுவும் மேலே வந்துதான் மூச்சு வாங்கணும். சும்மா படுத்திருந்தால் மணிக்கணக்கில் தம் பிடிக்கும், வலையில் சிக்கிப் போராடினால் அந்தத் தம் சீக்கிரமே தீர்ந்துவிடும். விவரம் தெரிந்தவர் என்று நம்பி ஒருவருக்குப் போன் போட்டேன், "செத்ததைத் தூக்கிட்டு ஏன் அலையுறீங்க, தள்ளிவிடுங்க" என்றார். தள்ளியிருப்போம். தாத்தாதான் "கண்ணைத் தொட்டுப் பாருடா" என்றார். தொட்டேன், இமை லேசாகத் துடித்தது. மயங்கிக் கிடக்கிற ஆமையைத் தண்ணீரில் போட்டால் அப்படியே மூழ்கிச் செத்துவிடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கரைக்கு வந்ததும் குப்புறவே வைத்து, பின்பக்கத்துக்கு அடியில் பாசி மூட்டை ஒன்றைக் கொடுத்து ஒரு சாண் உயர்த்தினார் தாத்தா. வாய் வழியாகத் தண்ணீர் வடிந்தது.

தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஆமைக் கறி விற்றது, ரத்தத்தை மருந்து என்று டம்ளரில் பிடித்துக் குடித்தது எல்லாம் நடந்த கதைதான். "நானும் ரெண்டு டம்ளர் குடிச்சவன்தான்டா" என்று நீங்கள் அதன் ஓட்டைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள், எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம் அக்காமார்கள். காலையிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் நின்று, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாசி பறித்துவிட்டுக் கரையேறியவர்கள், யாரும் கேட்காமலே ஈரச் சாக்கைக் கொண்டுவந்து மூக்கை மட்டும் விட்டுவிட்டு ஓட்டின் மேல் போர்த்தி, காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தீர்கள். செல்ஃபி எடுக்க வந்த கூட்டத்தை ஓர் அக்கா விரட்டியது இருக்கிறதே, அதற்குத் தனி நன்றி! தகவல் சொன்னதும் வந்த வனத்துறைக் காவலர்களுக்கும், துடுப்புக் காயத்துக்கு மருந்து போட்ட கால்நடை டாக்டருக்கும் நன்றி.

நாலு மணி நேரம் கழித்து "புஸ்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், ஒரே ஒரு மூச்சு. அடுத்தது வர வெகுநேரம் ஆனது, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தோம். பொழுது சாயும்போது அது தானாகத் தலையைத் தூக்கியது, காவலர்கள் பார்த்துச் சரி என்றபிறகு ஆறு பேர் தூக்கிக்கொண்டு போய் விட்டோம், தாழை, அதாவது கடற்புல், கிடக்கிற பக்கமாக. மாடு புல் மேய்வதுபோல் தாழையை மேய்கிற சாதி அது. ஒரு பேராமை முட்டையிடுகிற வயதுக்கு வரவே இருபது வருடத்துக்கு மேல் ஆகும், அப்படி வந்தாலும் முட்டையிட மணல் வேண்டுமே; பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் ஏற்கெனவே கடலுக்குள் போய்விட்டன, அலையைத் தடுத்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டி அள்ளியதில் நம் பங்கும் உண்டு.

அண்ணே, வலைக்கு நாங்கள் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம். மூன்று தடவை வேண்டாம் என்றுவிட்டீர்கள். சரி, பணம் வேண்டாம், நூலாகவே வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியோடு வருகிறேன், அறுந்த இடத்தைச் சேர்ந்தே பொத்துவோம். முடிச்சு கோணலாகப் போனால் திட்டாதீர்கள்.