பீரோ சாவியைக் கொஞ்சம் கொடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு தொடக்க, நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறையில் நிற்கும் இரும்பு பீரோவைப் பற்றியது இந்த மடல். பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சல், தேன்சிட்டு சிறார் இதழ்களும், நுழை, நட, ஓடு, பற என வாசிப்புத் திறனுக்கேற்ப நிலை பிரித்து வந்த அதன் வாசிப்பு இயக்க நூல்களும் பல பள்ளிகளில் இருப்புப் பதிவேட்டில் ஏறிய கையோடு அதற்குள் போய்விடுகின்றன. பூட்டுவது சோம்பலால் அல்ல என்று தெரியும். தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம்தான்.

அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறோம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, விதி 215, வாசகர் எடுத்துப் புழங்கும் 1000 நூல்களுக்கு ஆண்டுக்கு 5 தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. மோசடியோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 40 பிள்ளைகள் வாரம் ஒரு நூல் எடுத்தால் 25 வாரத்தில் 1000 ஆகிவிடும். அது மத்திய அரசுக்கான விதி, உண்மைதான். அதைக் காட்டி உங்கள் வட்டாரக் கல்வி அலுவலரிடம் நமக்கும் ஒரு வரி எழுத்தில் கேளுங்கள்.

பீரோவிலிருந்து எடுத்து வகுப்பறையில் வைக்கத் தலைக்கு இரண்டு நூல் போதும். 30 பேருக்கு 60. ஆறு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்து வகுப்போடு மாற்றிக்கொள்ளலாம். மெல்லிய நூலுக்கு முதுகில் பெயர் இருக்காது. பிள்ளைகள் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதனால் கொடிக்கயிறு கட்டி, அட்டை தெரியத் தொங்கவிடுங்கள். கயிறு பிள்ளைகளின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். நான்கு அடிக்கு ஓர் ஆணி இல்லாவிட்டால் கயிறு தொய்ந்து எல்லா நூலும் நடுவில் வந்து குவியும். 24 பக்கத்துக்கு மேற்பட்டதைத் தொங்கவிட்டால் ஸ்டேப்ளர் பின் பிய்ந்து தாள் கழலும். அவற்றை மேசையில் பரப்புங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் பின்கள் துருப்பிடித்திருக்கும். பிடுங்கிவிட்டு, நடுமடிப்பில் மூன்று துளை போட்டு ஊசிநூலால் தைத்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. செலோடேப் மட்டும் வேண்டாம். நாளடைவில் மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்தைப் பக்கத்தோடு ஒட்டிவிடும். மைதாப் பசை கரப்பானுக்கு விருந்து.

வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளையைவிடத் தினமும் மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் மேல். 40 நிமிடப் பாடவேளையில் பாதி நேரம் கொடுக்கவும் வாங்கவுமே போய்விடும். தேர்வு நெருங்கினால் அதையும் கணக்குப் பாடம் தின்றுவிடும், கணக்கு ஆசிரியர்கள் மன்னிக்க. அந்த 20 நிமிடமும் ஆசிரியர் கையில் ஒரு நூல் இருக்க வேண்டும், திருத்த வேண்டிய நோட்டு அல்ல.

நூல் கடினமா என்று பார்க்க ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கும் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கட்டும். ஐந்தும் மடங்கினால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம். தமிழில் பெரும்பாலும் பொருள் தடுப்பதில்லை, சொல்லின் நீளம்தான் தடுக்கும். ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்பதை எழுத்துக்கூட்டும் பிள்ளை ‘தான்’ வரும்போது ‘ஓடி’யை மறந்திருக்கும். அப்போது ‘ஓடி, கொண்டு, இருந்தான்’ என்று பென்சிலால் இரண்டு கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ‘நட’ நிலையில் நின்றாலும் அதையே கொடுங்கள், வகுப்பைச் சொல்லிக் கேலி செய்ய விடாதீர்கள்.

படித்ததும் கதைச் சுருக்கம் எழுதிவரச் சொல்லாதீர்கள். நீதி என்ன என்றும் கேட்காதீர்கள். இந்த இரண்டையும் போல வாசிப்பை வெறுக்க வைப்பது வேறில்லை. பாதியில் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட்டு வேறு எடுக்கட்டும்.

பதிவுக்கு 80 பக்க நோட்டு ஒன்று: தேதி, பெயர், நூல் எண், திரும்பிய தேதி. மூத்த மாணவர் இருவர் எழுதுவார்கள். கிழிந்து வந்தால் திட்டாமல் தைக்கக் கொடுங்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த நூலைத் தொடாது, கிழித்ததை வீட்டிலேயே ஒளித்தும் வைக்கும்.

கோடை விடுமுறைக்கு முன் கடைசி நாளில் ஆளுக்கு மூன்று நூல் கொடுத்தனுப்புங்கள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அந்த நோட்டை வைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பள்ளி நூலகங்களில் பணிபுரியும் தன்னார்வலர்கள்